ஊசி நாளில் ஊதிய சங்கு

நான் பயந்தாங்கொள்ளி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு நான் ஓடிய ஓட்டத்தைக் கேட்டு யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். கரப்பான்பூச்சி பறந்தால் பயம், கடல் கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டால் பயம், யாராவது கதவை வேகமாகத் தட்டினால் பயம். இப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் மணலி எண்ணெய் ஆலையில் டேங்கர் லாரி ஓட்டுகிறவருக்குக் கட்டிவைத்தார்கள். ஒரு டேங்கு நிறையப் பெட்ரோலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வண்டியில் பீடி குடிக்க முடியவில்லையே என்பதைத் தவிர வேறு கவலை இல்லாமல் ஊர் ஊராகப் போய்வருகிற மனிதர். "இன்னாமே, நீ பயந்துகினா டேங்கு வெடிக்காம இருந்துடுமா?" என்பார். 

கார்கிலில் சண்டை நடந்துகொண்டிருந்த கோடை அது. திருவொற்றியூரில் ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்தில், ஒற்றை அறை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். என் மகள் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்காரம்மா டிவியில் செய்தி ஓடும்போது நானும் வாசலில் நின்று பார்ப்பேன். பனிமலையில் பீரங்கி வெடிக்கும். அப்புறம் கொடி போர்த்திய பெட்டிகள் வரும். என் மகளை இறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அந்த மலை எங்கே, நாங்கள் எங்கே என்று கணவர் சிரிப்பார். ஆனால் தண்ணி லாரிக்குக் குடம் போட்டு நிற்கும் இடத்தில் வேறு பேச்சு நடந்தது.

"குண்டு போட்டா மொத குண்டு மணலிலதான் வுயும். ரெண்டாவது ஹார்பர்ல. நடுவுல கீறது யாரு? நாமதான்."

இதைச் சொன்னவள் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் நன்றாகச் சோறாக்கித் தின்றிருப்பாள். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கம் போனது.

பிரசவம் பார்த்ததும் எங்கள் நகராட்சி ஆஸ்பத்திரியில்தான். தாய் சேய் நல மையம் என்று பலகையில் எழுதியிருக்கும். ஊரில் எல்லோருக்கும் அது புள்ளையாஸ்பத்திரி. ஒரு நீளமான கூடம், அதன் ஒரு மூலையில் உத்தரத்திலிருந்து தொங்கும் எடை பார்க்கிற தூளி, சுவரோரமாக ஒரு பெரிய பாய். புதன்கிழமை குழந்தைகளுக்கு ஊசி. அன்றைக்குப் பெற்றவர்களுக்குச் சத்துமாவு, இரும்பு மாத்திரை, கூடவே கொஞ்சம் திட்டு. திட்டுவது நர்சம்மா அல்ல, ஆயா.

நர்சம்மா தெற்கே நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் பேசும் தமிழ் எங்களுக்குப் பாதி புரியும். ஆயா புரசைவாக்கத்தில் பிறந்து திருவொற்றியூரில் வாழ்க்கைப்பட்டவள். அவளிடம் எந்நேரமும் ஒரே வார்த்தைதான்: ஒத்திக்கோ. எங்கள் பக்கத்தில் நகர்ந்துகொள், தள்ளிப் போ என்பதற்கு அதுதான் சொல். பெஞ்சில் ஒரு ஆள் கூடுதலாக உட்கார வேண்டுமா, "ஒத்திக்கோமே." வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிறீர்களா, "ஒத்து, ஒத்து, காத்து வர்ட்டும்." பாயில் குழந்தைகள் நெருக்கமாக இருந்தால் அவளே குனிந்து ஒவ்வொன்றாக ஒத்திப் படுக்கவைப்பாள். நாங்கள் பெற்றதை அவள் சட்டிபானை மாதிரி நகர்த்துவாள். அவள் கைபட்டு ஒரு குழந்தைகூட விழித்ததில்லை.

அந்தக் கோடையில் ஆஸ்பத்திரியிலும் சண்டை வாடை அடித்தது. வராந்தாவில் சிவப்பு வாளிகளில் மணல் வைத்தார்கள். ஒரு புதன்கிழமை நர்சம்மா எங்களை உட்காரவைத்து, ஆலையிலிருந்து கேஸ் கசிந்தாலோ வேறு ஏதாவது நடந்தாலோ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். துணியை நனைத்துக் குழந்தையின் மூக்கு மேல் போட வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் போகக் கூடாது. "மேலேருந்து சொல்லச் சொல்லியிருக்காவ. பயப்படாண்டாம்" என்று முடித்தார். பயப்படாண்டாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் குலை நடுங்கும். போபாலில் தூக்கத்திலேயே போன குழந்தைகளைப் பற்றிக் கணவரின் லாரிக்காரச் சிநேகிதர் ஒருவர் எங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே சொன்ன கதை ஏற்கெனவே என் வயிற்றில் கிடந்தது.

அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான் இந்தக் கதையில் வரும் இன்னொரு தாய். பிரசவ வார்டில் எனக்கு அடுத்த கட்டில். தலையில் எப்போதும் முக்காடு, அதிர்ந்து பேசாத வாய். கணவருக்கு வண்ணாரப்பேட்டையில் செருப்புக் கடை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, போகாத தர்காவெல்லாம் போய்ப் பெற்ற பையன். அவன் இடுப்பில் கறுப்புக் கயிற்றில் வெள்ளித் தாயத்து கட்டியிருப்பாள். அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அவளும் என்னைப் போல் பயந்தவள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அடுத்த புதன்கிழமை காலையிலேயே மணலிப் பக்கமிருந்து காற்று. அழுகிய முட்டை நாற்றம். எங்களுக்கு அது புதிதல்ல. குழம்பு கொதிக்கும் வாசனைக்குள்ளேயே அது கலந்திருக்கும். ஆனாலும் அன்று கொஞ்சம் அதிகம் என்று ஆயா மேற்குப் பக்கத்து ஜன்னல்களையெல்லாம் சாத்திவிட்டாள். கூடம் இருட்டிக் கிடந்தது. எடை பார்ப்பதற்காக எல்லாக் குழந்தைகளையும் சட்டை கழற்றிப் பழைய வேட்டித் துண்டில் சுற்றியிருந்தோம். எடை பார்த்து முடிந்தவர்களை ஊசிக்காகப் பாயில் வரிசையாகப் படுக்கவைத்தோம். ஈ மொய்க்கிறதென்று முகத்தின் மேல் மெல்லிசாக ஒரு துணி. பாயில் என் மகளைச் சுவரோரம், இரண்டாவது ஜன்னலுக்கு நேர் கீழே படுக்கவைத்தேன். மூன்று தடவை பார்த்து இடத்தை மனத்தில் வைத்துக்கொண்டேன். பயந்தவர்கள் அப்படித்தான்.

ஊசி மருந்துப் பெட்டி இன்னும் வரவில்லை என்று நர்சம்மா நெடுஞ்சாலை வரை பார்க்கப் போயிருந்தார். முக்காட்டுக்காரி பையனின் நனைந்த துணியை அலசப் பின்பக்கக் குழாய்க்குப் போனாள். நான் வாசல் பக்கம் போய்ச் சத்துமாவுக்கு வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் ஆயாவின் குரல் கேட்டது. புதிதாக வந்த ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இப்டி வெயில்ல வெச்சிகினு நிக்கிறியே, இங்க போடு. இரு, இதுங்கள கொஞ்சம் ஒத்திப் போட்டா எடம் ஆய்டும்."

இதைக் காதால் கேட்டேன். மூளைக்குப் போகவில்லை.

அப்போதுதான் சங்கு ஊதியது.

வடசென்னையில் பிறந்தவர்களுக்குச் சங்கு என்றால் கடிகாரம். எந்த ஆலை எப்போது ஊதும், எது ஷிப்டு விடும் சங்கு, எது சாப்பாட்டுச் சங்கு என்று எல்லோருக்கும் தெரியும். இது எதுவுமில்லை. வேளைகெட்ட வேளையில், ஏறி இறங்கி, ஏறி இறங்கி, நிற்காமல் ஊதியது.  கூடத்தில் மின்விசிறி நின்றது. நாற்றம் இருக்கிறதா, அதிகமாகிறதா என்று எல்லோரும் மூச்சை இழுத்துப் பார்த்ததை நான் பார்த்தேன். அந்த நேரம் தெருமுனையில் ஒரு ஜீப் வந்தது. கூரையில் கட்டிய ஒலிபெருக்கி கரகரவென்று கத்தியது. பாதி காற்றில் போனது, பாதி சங்கில் போனது. காதில் விழுந்தது ஒரே வார்த்தை.

"...ஒத்திக... ஒத்திக..."

ஆயா மாரில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, ஒத்திக்கச் சொல்றாங்கடி! ஊரையே ஒத்திக்கச் சொல்றாங்க! கேஸு வந்துச்சுடி! புள்ளைங்கள தூக்குங்கடி!"

அதற்கப்புறம் அங்கே மனிதர்கள் யாரும் இல்லை, கைகள்தான் இருந்தன. எல்லாரும் ஒரே பாயின் மேல் விழுந்தோம். இருட்டு, அழுகை, முழங்கை. இரண்டாவது ஜன்னலுக்கு நேர் கீழே கையை விட்டேன். சூடாக ஒரு வெள்ளை மூட்டை இருந்தது. தூக்கினேன். முகத்துணியோடு மார்பில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

எல்லோரும் கிழக்கே ஓடினார்கள். காற்று மேற்கிலிருந்து வருகிறது, எதிரே கடல். வேறு எங்கே ஓடுவது? கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள், சைக்கிளில் இரண்டு பிள்ளைகளைப் போட்டுக்கொண்டு தள்ளியவர்கள், தலையில் சோப்பு நுரையோடு ஒரு ஆள். என் செருப்பு எந்தச் சந்தில் கழன்றதென்று தெரியாது. மேலே விமானம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது, தலையைத் தூக்கத் தைரியம் இல்லை. கணவர் இந்நேரம் மணலிக்குள் வண்டியில் லோடு ஏற்றிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பு வந்தது. அந்த நினைப்பை அப்படியே பிடித்துத் தள்ளினேன். என் பிள்ளை, என் பிள்ளை என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டே வந்தது.

கடல் அரிக்காமல் கொட்டியிருக்கும் கருங்கற்கள் வரை போய்விட்டோம். அதற்கு மேல் தண்ணீர்தான். ஒரு கல்லில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்குவதில் கண் தெரியவில்லை. அப்போது என் மடியில் வெதுவெதுப்பாக நனைந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே அழிகிறது, இவளுக்கு இப்போதுதான் வருகிறது என்று துணியை விலக்கினேன்.

நனைத்தது பையன். இடுப்பில் கறுப்புக் கயிறு, வெள்ளித் தாயத்து.

இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளாம் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் இடுப்பில் ஊரான் பிள்ளையை வைத்துக்கொண்டு என் பிள்ளையைச் சாவுக்கு விட்டுவிட்டு வந்திருந்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருத்தி மடியையும் எட்டிப் பார்த்தேன். யார் மடியிலும் அவள் இல்லை. ஒத்திப் போட்டா எடம் ஆய்டும் என்ற ஆயாவின் குரல் அப்போதுதான் மூளைக்கு வந்து சேர்ந்தது.

திரும்பி ஓட வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் கையில் இவன் இருந்தான். தாயத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறவளின் ஒரே பிள்ளை. இவனையும் தூக்கிக்கொண்டு அந்த நாற்றத்துக்குள் போனால், இவனுக்கு ஏதாவது ஆனால், அவளிடம் எந்த முகத்தோடு நிற்பேன்? பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு மீனவர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"இந்தாம்மா, கொயந்தய எங்கைல குட்த்துட்டு நீ ஓடு. நான் இங்கயேதான் இருப்பேன்."

நல்ல மனிதர். சொன்னது நியாயம். நான் கொடுக்கவில்லை. எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. அதைக் கணக்கென்று சொல்லலாமா என்றுகூடத் தெரியவில்லை. இவனை நான் கீழே வைக்காதவரை என் மகளையும் யாரும் கீழே வைத்திருக்க மாட்டார்கள். இவனை நான் விட்டால் அவளையும் விட்டுவிடுவார்கள். புடவைத் தலைப்பைக் கடல் தண்ணீரில் முக்கி, பிழிந்து, அவன் மூக்கின் மேல் போட்டேன். உப்புத் தண்ணீர் பட்டு அவன் வீறிட்டான். வந்த வழியே ஓடினேன்.

எதிரே ஜனம் வந்துகொண்டே இருந்தது. "பைத்தியமா உனுக்கு? அங்க எங்க போற?" என்று ஒரு பெண் என் தோளைப் பிடித்தாள். உதறினேன். பாதி வழியில் சங்கு நின்றது. நின்றதும் இன்னும் பயமாக இருந்தது. ஊதுகிறவனும் விழுந்துவிட்டான் என்றுதான் எனக்குத் தோன்றியது. தெருவில் ஆள் இல்லை. ஒரு நாய் நிழலில் படுத்திருந்தது. அது செத்துவிட்டதா என்று நின்று பார்த்தேன். வாலை ஆட்டியது. அந்த நாயைக் கும்பிட்டிருப்பேன். என்னை எடுத்துக்கொள், அவளை விடு என்று தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாவற்றிடமும் பேரம் பேசிக்கொண்டே போனேன். ஒரு மூச்சு இழுத்தால் அடுத்த மூச்சு வருமா என்று ஒவ்வொரு தடவையும் பயந்தேன்.

புள்ளையாஸ்பத்திரி வாசலில் செருப்புகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. சத்துமாவு கொட்டிக் கால்தடங்களாக இருந்தது. உள்ளே சத்தமே இல்லை. குழந்தை அழுகிற சத்தத்துக்காக ஏங்கிய ஒரே கணம் என் வாழ்க்கையில் அதுதான்.  உள்ளே போனால் என்ன பார்ப்பேனோ என்று வாசலிலேயே நின்றேன். கையிலிருந்தவன்தான் அழுதான். அவன் அழுததும் உள்ளேயிருந்து ஒரு குரல் உடைந்து வந்தது.

"யா அல்லா... என் புள்ள சத்தம்."

பாயில் அதே இடத்துக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருந்தாள். நனைத்த முக்காட்டைத் தன் தலையோடு சேர்த்து மடிமேல் கூடாரம் மாதிரி போட்டிருந்தாள். அதற்குள் என் மகள் அவளிடம் பால் குடித்துக்கொண்டிருந்தாள். குழாயடியிலிருந்து அவள் வந்து பார்த்தபோது பாயில் மிச்சமிருந்தது என் மகள் மட்டும்தான். முகத்துணியை விலக்கியதும் யார் பிள்ளை என்பதும், தன் பிள்ளை யார் கையில் இருப்பான் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பசில அய்தா. குட்த்துட்டேன். கோச்சிக்காத" என்றாள்.  உடம்பு முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவளும் கேஸ் வருகிறது என்றுதான் நம்பியிருந்தாள்.

"நீ ஏன் ஓடல?" என்று கேட்டேன். அதுதான் வாயில் வந்தது.

"நீ எங்க கீறன்னு எனக்குத் தெரியாது. உன் புள்ள எங்க கீதுன்னு உனுக்குத் தெரியும். நானும் தேடிகினு ஓடிட்டா, நீ வந்து யார்கிட்ட கேப்ப?"

நான் அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன். அவள் பிள்ளை என் கையில், என் பிள்ளை அவள் கையில். கொடுக்க வேண்டியதுதான். இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அவள் பிள்ளையைக் கையிலிருந்து விட எனக்குப் பயம். என் பிள்ளையைக் கையிலிருந்து விட அவளுக்குப் பயம். அப்படியே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோமோ தெரியாது, மருந்துப் பெட்டியோடு நர்சம்மாவும், பின்னாலேயே தலைவிரிகோலமாக ஆயாவும் வந்தார்கள். ஆயா எங்களைப் பார்த்தாள்.  "ஒத்திக்கோ" என்று இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு தொடையில் அவனையும் ஒரு தொடையில் அவளையும் வாங்கிப் போட்டுக்கொண்டு, கை மாற்றிக் கொடுத்தாள்.

என் மகளை மோந்து பார்த்தேன். அவள் வாயில் வேறொருத்தியின் பால் வாசனை இருந்தது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

"ஒத்திகைம்மா, ஒத்திகை" என்று நர்சம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "நாளைக்கி நெசமா எதாவது வந்தா எப்பிடி நடக்கணும்னு பழகிப் பாக்கது. மைக்கில அதத்தான சொல்லிட்டுப் போனாவ."

ஆயாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "சும்மாங்காட்டியும் ஊதுறோம்னு சொன்னா அவனுங்க வாய் இன்னா வெந்தா பூடும்? ஒத்திக ஒத்திகன்னா, நாங்க ஒத்திக்காம இன்னா பண்ணுவோம்?" என்று ஜீப் போன திசையைப் பார்த்துக் கத்தினாள். நர்சம்மா சிரிக்கப் பார்த்தார். எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தார். ஊசி நாள் ஊசி நாள்தானே.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த கணவர், மணலிக்குள் அவர்களுக்கு முன்னாடியே சொல்லிவிட்டார்கள் என்றும் எல்லோரும் ஓரமாக நின்று டீ குடித்ததாகவும் சொன்னார். "நீ ஓடுனியாமே?" என்று சிரித்தார்.  என் உள்ளங்காலைப் பார்த்ததும் அவர் சிரிப்பு போய்விட்டது; தண்ணீர் காயவைத்து அவரே கழுவிவிட்டார்.

அடுத்த மாத ஊசி நாளில் பாயைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு குழந்தையின் கையிலும் காலிலும் ஒவ்வொரு அடையாளம். சிவப்பு நூல், கண்ணாடி வளையல், ரிப்பன், ஒருத்தி சாவி வளையமே மாட்டியிருந்தாள். நான் என் மகளைப் பாயில் போடவே இல்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் எந்தப் பாயிலும் அவளைப் போட்டதில்லை. சண்டை முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகும், சாப்பாட்டுச் சங்கு ஊதினால்கூட என் கை தானாகப் போய் அவளைத் தேடும்.

அன்றைக்கு முக்காட்டுக்காரி வந்தாள். அவள் பையனுக்குப் புதிதாக எந்த அடையாளமும் இல்லை. அதே கறுப்புக் கயிறு, அதே தாயத்து, அதுவும் துணிக்குள்ளே. என் பக்கத்தில் பாயில் அவனைப் படுக்கவைத்து, முகத்துணியைப் போட்டாள். ஈரத்துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"கொழாய்க்குப் போயிட்டு வர்றேன்" என்றாள். பாத்துக்கோ என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் திரும்பி வரும்வரை அவன் வயிற்றின் மேல் என் கையை வைத்துக்கொண்டிருந்தேன். ஆயா வந்து "ஒத்திக்கோ" என்றாள். நான் ஒத்திக்கொள்ளவில்லை.